கிருஷ்ணகிரியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: நேராகவா, துபாய் வழியாகவா, சிங்கப்பூர் வழியாகவா?

“துபாய் வழியா போனா சீக்கிரமா, சிங்கப்பூர் வழியா போனா சீக்கிரமாண்ணா?” மகளுக்குப் பிரசவம் பார்க்க அம்மா அப்பாவை அமெரிக்கா அனுப்பும் வீடுகளிலிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்பவர் கையில் டிக்கெட் ஆப் திறந்திருக்கும். 22 மணி நேரம், 25 மணி நேரம், 31 மணி நேரம் என்று வரிசையாகக் காட்டும். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. எதைத் தட்டுவது என்று தெரியாமல் இரண்டு வாரம் ஓடிவிடும், அதற்குள் விலையும் ஏறிவிடும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபது தாண்டியவர்கள், முதல்முறை விமானம் ஏறுபவர்கள், தமிழ் மட்டும் வாசிப்பவர்கள் என்றால் சிங்கப்பூர் வழிதான். கீழே உள்ள அட்டவணையில் கிலோமீட்டர் கணக்குப்படி எல்லாவற்றையும்விட நீளமான வழி அது. தெரிந்தேதான் சொல்கிறேன். ஐ.டி.யில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர் என்றால் பதில் வேறு.

## எதை வைத்து அளப்பது

ஆப் காட்டும் மணிக்கணக்கு ஒரு விமான நிலையத்தில் கிளம்பி இன்னொரு விமான நிலையத்தில் இறங்கும் வரைதான். தர்மபுரி பென்னாகரம் ரோட்டில் வீட்டுக் கதவைப் பூட்டுவதில் ஆரம்பித்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள ஃப்ரீமான்ட்டில் மகள் வீட்டுக் கதவைத் தட்டுவது வரை எண்ணிப் பாருங்கள், ஒன்பது பத்து மணி நேரம் கூடும். நேர் விமானமாக இருந்தாலும் கூடும். ஆகவே நான் பார்ப்பது இவற்றைத்தான்: கதவுக்குக் கதவு ஆகும் நேரம், ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், விமானம் மாறும் இடம் எப்படிப்பட்டது, இணைப்பு விமானம் தவறினால் யார் பொறுப்பு, பெட்டிகளை நடுவில் எங்காவது எடுத்து மறுபடி போட வேண்டுமா. டிக்கெட் விலையைக் கடைசியில் வைக்கிறேன். மலிவு என்று எடுத்த டிக்கெட்டின் மிச்சம், டாக்சிக்கும் கூடுதல் பெட்டிக்கும் எப்படியும் போய்விடும்.

## தூரக் கணக்கு

பெங்களூருவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 14,000 கி.மீ. சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தைப் பார்த்தால் மேற்கே ஐரோப்பா, அட்லாண்டிக் என்று போவதுதான் இயல்பான வழியாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இருக்கும் பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். இரண்டு ஊருக்கும் இடையே தீர்க்கரேகையில் 160 டிகிரி வித்தியாசம், அதாவது கிட்டத்தட்ட உலகின் மறுபக்கம். நூல் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. வடக்கே கிளம்பி, சீனாவையும் சைபீரியாவையும் தாண்டி, 71 டிகிரி வட அட்சரேகை வரை ஏறி, அலாஸ்கா பக்கமாக இறங்கும். அதனால் கிழக்கே மாறிப் போனாலும் மேற்கே மாறிப் போனாலும் தூரம் பெரிதாகக் கெட்டுவிடாது. உலகத்தில் எந்தப் பெரிய விமான நிலையத்தின் வழியாகவும் இந்த ஊருக்கு டிக்கெட் கிடைப்பது இதனால்தான்.

| வழி | முதல் விமானம் (கி.மீ.) | இரண்டாவது (கி.மீ.) | மொத்தம் (கி.மீ.) | காற்றில் இருக்கும் நேரம், போகும்போது |
|---|---|---|---|---|
| பெங்களூரு – நேராக | 14,000 | – | 14,000 | 16 முதல் 17½ மணி |
| டெல்லி | 1,700 | 12,400 | 14,100 | 2¾ + 16 |
| டோக்கியோ நாரிட்டா | 6,700 | 8,200 | 14,900 | 8 + 9¼ |
| ஹாங்காங் | 3,950 | 11,150 | 15,100 | 5¾ + 12½ |
| துபாய் | 2,700 | 13,000 | 15,700 | 4 + 16 |
| ஃபிராங்க்ஃபர்ட் | 7,400 | 9,150 | 16,550 | 10 + 11½ |
| சிங்கப்பூர் | 3,200 | 13,600 | 16,800 | 4½ + 15 |

மணிக்கணக்கெல்லாம் தோராயம். பருவத்துக்கும் காற்றுக்கும் தகுந்தபடி அரை மணி, ஒரு மணி முன்பின் ஆகும்.

அட்டவணையில் துபாயையும் சிங்கப்பூரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூர் வழி 1,100 கி.மீ. அதிகம். ஆனாலும் காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றேதான். பசிபிக் கடலுக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்மட்டக் காற்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூருக்கு 17 மணி நேரம்கூட ஆகும்.

## நேர் விமானம்

2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்தத் தடத்தைத் தொடங்கியது. பெண் விமானிகள் மட்டுமே இருந்த குழு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவப் பகுதி வழியாகப் பெங்களூருவுக்கு ஓட்டி வந்தது அப்போது பெரிய செய்தி. அதன்பின் சேவை நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. ஆகவே இந்த வழியை நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, தாங்கள் போகும் மாதத்தில் அந்த விமானம் ஓடுகிறதா என்று நிறுவனத்தின் தளத்திலேயே பார்ப்பது. பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் போனார் என்பது போதாது.

ஓடுகிறது என்றால் இதன் பலம் சாதாரணமானதில்லை. பெட்டியைப் பெங்களூருவில் போட்டால் சான் பிரான்சிஸ்கோவில் எடுக்கலாம். மாறுதல் இல்லை, இணைப்பு தவறும் பயம் இல்லை. தர்மபுரி வீட்டிலிருந்து மகள் வீடு வரை 26 மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். மற்ற வழிகளில் பெரும்பாலும் 30-க்குக் குறையாது.

உடம்பு கொடுக்கும் விலைதான் இதில் மறைந்திருக்கிறது. 16 மணி நேரத்துக்கு மேல் ஒரே நாற்காலி. மூட்டு வலி உள்ளவர்கள், கால் வீங்குபவர்கள், ரத்தம் உறையும் தொந்தரவு முன்பு வந்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஜன்னல் இருக்கை கிடைத்தது என்று அப்பா சந்தோஷப்படுவார். பாத்ரூம் போக ஒவ்வொரு முறையும் இரண்டு பேரை எழுப்ப வேண்டும் என்பது ஐந்தாவது மணி நேரத்தில்தான் புரியும். நடைபாதை இருக்கை கேளுங்கள்.

விலையும் பொதுவாகக் கொஞ்சம் கூடத்தான். மகளுக்குத் தேதி நெருங்கிவிட்டது, ஒருநாள்கூடத் தாமதிக்க முடியாது, உடம்பும் நன்றாக இருக்கிறது என்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

## டெல்லி வழி

நேர்த் தூரத்தைவிட 100 கி.மீ.தான் அதிகம், காகிதத்தில் அழகான வழி. போகும்போது பெரிய தொல்லை இல்லை. இந்தியக் குடியேற்றச் சோதனை டெல்லியில் நடக்கும், அவ்வளவுதான். திரும்பும்போதுதான் சிக்கல். இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் சுங்கச் சோதனை என்பதால், பொதுவாக டெல்லியில் பெட்டிகளை எடுத்து, வெளியே வந்து, பெங்களூரு விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். 16 மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்த களைப்பில், இந்தி தெரியாத அம்மாவும் அப்பாவும், நான்கு பெட்டியும். டெல்லியில் பனிமூட்டம் இறங்கும் டிசம்பர், ஜனவரி என்றால் இணைப்பு விமானம் எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் போக நேர்ந்ததையும் நினைவில் வையுங்கள்.

டெல்லியில் உறவினர் இருக்கிறார், ஒருநாள் தங்கிப் போகலாம் என்பவர்களுக்கு மட்டும் இது சரி.

## துபாய் வழி

நம் பக்கத்தில் அதிகம் பேர் எடுப்பது இதுதான். ஒசூரில் எந்த டிராவல்ஸில் கேட்டாலும் முதலில் வாயில் வருவதும் இதுதான். பெங்களூருவிலிருந்தும் சென்னையிலிருந்தும் நிறைய விமானங்கள் உண்டு, ஒன்று தவறினால் அடுத்தது சீக்கிரம் கிடைக்கும். துபாய் விமான நிலையத்தில் எந்த மூலையில் நின்று விழித்தாலும் தமிழோ மலையாளமோ பேசும் ஒருவர் வந்து வழி சொல்வார். பெட்டி நேராக சான் பிரான்சிஸ்கோ போய்விடும்.

எனக்கு இதில் பிடிக்காதது பயணம் இரண்டாகப் பிரியும் விதம். முதல் பாதி 4 மணி நேரம். தூக்கம் பிடிப்பதற்குள் எழுப்பி இறக்கிவிடுவார்கள். பெங்களூருவிலிருந்து ராத்திரி, விடியற்காலை என்று கிளம்பும் விமானங்கள் பல என்பதால் மாறும் நேரம் பெரும்பாலும் அரைத் தூக்கத்தில் வரும். மறுபடி பாதுகாப்புச் சோதனை: தட்டில் கைப்பை, மாத்திரைப் பை, அப்பாவின் பெல்ட், அம்மாவின் வளையலும் மெட்டியும் வாசலில் சத்தம் போடும், ஓரமாக நிறுத்திக் கையால் தடவிப் பார்ப்பார்கள். இதெல்லாம் முடித்து ஏறினால், அதற்குப் பிறகும் 16 மணி நேரம் இருக்கிறது! நேர் விமானத்தில் போகும் அளவுக்கே உட்கார வேண்டும், விமானமும் மாற வேண்டும். இரண்டு கஷ்டமும் சேர்ந்தே வருகிறது.

தோஹா வழியும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். வளைகுடாவில் பதற்றம் வரும்போது வான்வெளியைச் சட்டென்று மூடுவார்கள். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியதில் விமானங்கள் வழிமாறி எங்கெங்கோ இறங்கின. செய்தி பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

அடிக்கடி பறப்பவர், ஆங்கிலம் தெரிந்தவர், விலை குறைவாகக் கிடைக்கிறது என்றால் துபாயில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

## ஃபிராங்க்ஃபர்ட் வழி

பத்து மணி நேரமும் பதினொன்றரை மணி நேரமும் என்று ஏறக்குறைய சமமாகப் பிரிகிறது, அது உடம்புக்கு நல்லது. அமெரிக்க விசா கையில் இருப்பவருக்கு விமான நிலையத்துக்குள்ளேயே மாற ஜெர்மனியின் தனி விசா தேவையில்லை. ஆனால் விமான நிலையம் பெரிது, நடை அதிகம், குளிர்காலத்தில் பனிப்பொழிவு. ரஷ்யா 2022-லிருந்து ஐரோப்பிய நிறுவனங்களுக்கு வான்வெளி தராததால் அவை பறக்கும் பாதைகளும் மாறிவிட்டன. மொத்த நேரம் எல்லாவற்றிலும் அதிகம். ஐரோப்பாவில் பிள்ளைகள் யாராவது இருந்து, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா எடுத்து நடுவில் பார்த்துவிட்டுப் போவதாக இருந்தால் ஒழிய நான் சொல்லமாட்டேன்.

## ஹாங்காங், டோக்கியோ

யாரும் கேட்காத, ஆனால் கணக்குப்படி நல்ல வழிகள் இவை. டோக்கியோ வழியில் எட்டு மணி நேரமும் ஒன்பதேகால் மணி நேரமும். காற்றில் இருக்கும் மொத்த நேரம் நேர் விமானத்துக்குச் சமம். இரண்டு ஊரிலும் வெளியே போகாமல் உள்ளேயே மாறினால் இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாதுகாப்புச் சோதனை வேகமாக நகரும்.

பலவீனம், ஒருநாளைக்கு ஓடும் விமானங்கள் குறைவு. தவறினால் அடுத்த நாள்தான். அப்புறம் சாப்பாடு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே இந்திய சைவ உணவு என்று குறித்துவிட வேண்டும், விமான நிலையக் கடைகளை நம்ப முடியாது. இளைஞர்கள், மேற்படிப்புக்குப் போகும் மாணவர்கள் இதைப் பாருங்கள். நானாக இருந்தால் டோக்கியோதான் எடுப்பேன்.

## சிங்கப்பூர் வழி

சிங்கப்பூரின் நான்கு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்று. சாங்கி விமான நிலையத்தில் வழிகாட்டிப் பலகைகளில் தமிழ் எழுதியிருக்கும். பாலக்கோட்டிலிருந்து முதல்முறை வெளிநாடு கிளம்பும் ஒரு அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய தைரியம் என்பது, பலகை புரியாமல் வேறொரு ஊரில் நின்றவர்களுக்குத் தெரியும். பாதுகாப்புச் சோதனை பெரும்பாலும் ஏறும் வாயிலிலேயே நடக்கிறது, நடுவில் ஒரு பெரிய வரிசையில் நிற்க வேண்டியதில்லை. முதல் மூன்று முனையங்களுக்கும் இடையே சின்ன ரயில் ஓடுகிறது. உள்ளேயே இருந்தால் விசா வேண்டாம். தோசை காபி கிடைக்கும்.

குறை என்னவென்றால், 15 மணி நேர இரண்டாவது பாதி. துபாயைவிட ஒரு மணி நேரம்தான் குறைவு. இங்கே மூன்று நான்கு மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட்டாகப் பார்த்து எடுத்தால், கால் நீட்டி, நடந்து, மாத்திரை போட்டு, நிதானமாக ஏறலாம். ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம் என்று இருக்கும் டிக்கெட்டை ஆப் முதலில் காட்டும். ‘வேகமானது’ என்று பச்சை நிறத்தில்கூடக் காட்டும். பெற்றோருக்கு அதை எடுக்காதீர்கள்.

கதவுக்குக் கதவு 33, 34 மணி நேரம் ஆகும். நேர் விமானத்தோடு ஒப்பிட்டால் ஏழெட்டு மணி நேரம் அதிகம். மூன்று மாதம், ஆறு மாதம் தங்கப் போகிறவர்களுக்கு அது ஒரு கணக்கா?

## எந்த விமான நிலையத்தில் ஏறுவது

இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நிஜத்தில் பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது.

பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளியில், நகருக்கு வடக்கே இருக்கிறது. நாம் நுழைவது தெற்கே. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 125 கி.மீ., தர்மபுரியிலிருந்து சுமார் 170. அத்திப்பள்ளி வரை கண்ணை மூடிக்கொண்டு போகலாம். அதன்பின் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு, ஹெப்பாள் சந்திப்புகள். மாலை ஆறு மணிக்கு ஹெப்பாள் மேம்பாலத்தில் மாட்டினால் வண்டி எறும்பாக ஊரும். காலையிலோ மாலையிலோ நெரிசல் நேரத்தில் போக வேண்டியிருந்தால் ஊருக்குள் நுழையாமல் ஒசூர், பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டே வழியாகத் தேவனஹள்ளி போகச் சொல்லுங்கள். கிலோமீட்டர் பெரிதாகக் குறையாது, நிம்மதி கிடைக்கும். தமிழ்நாடு பதிவெண் டாக்சி என்றால் கர்நாடக பர்மிட் பணம் வாடகையில் சேர்ந்திருக்கிறதா, தனியா என்று முன்கூட்டியே கேளுங்கள். பெட்டி குறைவாக இருக்கும் இளைஞர்கள் பெங்களூரு பஸ் ஏறி எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினால், அங்கிருந்து விமான நிலையத்துக்கு வாயு வஜ்ரா பஸ் உண்டு. வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் இப்போது இரண்டாம் முனையத்தில், டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்.

சென்னை கிருஷ்ணகிரியிலிருந்து 250 கி.மீ.க்கு மேல். இருந்தாலும் அரூர், மொரப்பூர், ஊத்தங்கரை பக்கம் இருப்பவர்களுக்கு நான் சென்னையைச் சொல்வேன். மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம். எந்தப் பாலத்திலும் மாட்ட மாட்டீர்கள். கவுன்டரில் தமிழிலேயே பேசலாம். சிங்கப்பூர், துபாய், ஹாங்காங், ஃபிராங்க்ஃபர்ட் எல்லாவற்றுக்கும் அங்கிருந்தும் விமானம் இருக்கிறது. நேர் விமானத்துக்கு மட்டும் பெங்களூருதான்.

சேலம் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கோ பெங்களூருவுக்கோ சின்ன விமானத்தில் போய்ச் சேரலாமே என்று தர்மபுரிக்காரர்கள் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது பெரும்பாலும் தனி டிக்கெட்டாக இருக்கும். உள்நாட்டில் பொதுவாக 15 கிலோ பெட்டிதான் அனுமதி. அமெரிக்க டிக்கெட்டில் பல நிறுவனங்கள் 23 கிலோ பெட்டி இரண்டு தருகின்றன. மீதி கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தச் சின்ன விமானம் தாமதமானால் பெரிய விமானக்காரர் பொறுப்பேற்க மாட்டார். போதாக்குறைக்குத் தொப்பூர் கணவாயையும் தாண்ட வேண்டும்.

எந்த வழியானாலும் முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போதுதான் நிறுவனத்துடையது. நியூயார்க், சிகாகோ என்று அமெரிக்காவுக்குள் மாறும் டிக்கெட்டையும் பெற்றோருக்குத் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்ற அதிகாரியைப் பார்த்து, பெட்டியை எடுத்து, மறுபடி போட வேண்டும்.

## பெட்டியில் என்ன

கிருஷ்ணகிரிக்காரர் மாம்பழம் இல்லாமல் மகள் வீட்டுக்குப் போவதாவது! ஆனாலும் பழம் கூடாது. அங்கே இறங்கியதும் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள், அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதமும் உண்டு. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படியே. மாங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, இட்லிப் பொடி போகும், படிவத்தில் கேட்டால் உணவு இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். பொடிகளைப் பெரிய பெட்டியிலேயே வையுங்கள். அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிக்கு மேல் பொடி கைப்பையில் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள். மாத்திரைகளும் மருந்துச் சீட்டும் மட்டும் கைப்பையில்.

## திரும்பி வரும் நாள்

சான் பிரான்சிஸ்கோ நமக்கு 12½ மணி நேரம் பின்னால். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13½. போகும்போது திங்கட்கிழமை மதியம் ஏறினால் அங்கே திங்கட்கிழமை மாலையே இறங்கிவிடலாம். திரும்பும்போது அந்தக் கடன் வட்டியோடு வரும்: திங்கள் இரவு அங்கே ஏறினால் இங்கே புதன்கிழமை. ஆப்பில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ‘+2’ என்று இருப்பது அதுதான். அதைக் கவனிக்காமல் டாக்சியைச் செவ்வாய் விடியற்காலைக்கே சொல்லிவிடுகிறார்கள். புதன் விடியற்காலை மூன்று மணிக்கு இறங்குபவரை அழைத்துவர, தர்மபுரியிலிருந்து வண்டி செவ்வாய் இரவு பத்தரைக்குள் கிளம்பினால் போதும். அந்த நேரத்தில் ஹெப்பாள் காலியாக இருக்கும்.